மூன்றாவது 'டு' எங்கிருந்து வந்தது?

பிப்ரவரி 6, 2024 – ஒரு வாசகரின் கேள்வி

ஆங்கில இலக்கணப் பயிற்சித் தாளில் ஒரு வாக்கியம்: 'தி கமிட்டி ப்ளான்ஸ் டு ரிவ்யூ தி பட்ஜெட், ஹயர் எ மேனேஜர், அண்ட் டு மூவ் தி ஆஃபீஸ்.' பிழையில்லை என்று குறித்தேன். கடைசி 'டு' பிழை என்கிறது விடைத்தாள். பொருள் எல்லோருக்கும் புரிகிறதே? ஆங்கிலச் செய்தித்தாளில் இப்படி எழுதுவதை நானே பார்த்திருக்கிறேன். விடைத்தாள்தான் தவறு என்பது என் கட்சி. மறுக்க முடியுமா?

பிப்ரவரி 6, இரவு

முடியும். விடைத்தாள் சரி, நீங்கள் தவறு, செய்தித்தாளும் தவறு. நள்ளிரவில் அவசரமாக அச்சுக்குப் போகிற தாளை இலக்கணத்துக்குச் சாட்சியாக அழைக்கக் கூடாது.

பட்டியலில் மூன்று வினைகள்: ரிவ்யூ, ஹயர், மூவ். மூன்றுக்கும் 'டு' கொடுக்கலாம். அல்லது முதலாவதற்கு மட்டும் கொடுத்து, மற்ற இரண்டையும் அதன் நிழலில் நிற்க வைக்கலாம். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இலை போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்தவனைப் பட்டினி போடக் கூடாது.

பள்ளிக் கணக்காகச் சொன்னால், அ(க + ச + ப) என்று பொதுக் காரணியை வெளியே எடுக்கலாம். அக + அச + அப என்று விரிக்கலாம். அக + ச + அப என்று எழுதினால் அது வேறு கணக்கு.

பிப்ரவரி 7

'நிழல் என்றால் என்ன, நிழலை எப்படிக் கண்டுபிடிப்பது' என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம். உவமையை வைத்துத் தேர்வு எழுத முடியாது.

பட்டியல் எந்த ஆணியில் தொங்குகிறது என்று பாருங்கள். ஆணி 'ப்ளான்ஸ் டு' என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாக மாட்டுங்கள்: 'ப்ளான்ஸ் டு ரிவ்யூ' நிற்கிறது. 'ப்ளான்ஸ் டு ஹயர்' நிற்கிறது. 'ப்ளான்ஸ் டு டு மூவ்' திக்குகிறது. சரி, ஆணி வெறும் 'ப்ளான்ஸ்' என்று வைத்துக்கொண்டால்? 'ப்ளான்ஸ் டு ரிவ்யூ' நிற்கிறது, 'ப்ளான்ஸ் டு மூவ்' நிற்கிறது, 'ப்ளான்ஸ் ஹயர்' விழுகிறது. எந்த ஆணியில் மாட்டினாலும் ஒன்று கீழே விழுகிறது. உங்கள் வாக்கியத்தின் குற்றம் இதுதான். பொருள் புரிகிறதா என்பது வேறு கேள்வி. கால் ஒடிந்த நாற்காலியையும் நாற்காலி என்று அடையாளம் தெரியத்தான் செய்கிறது.

பிப்ரவரி 8

ஒருவர் எழுதுகிறார்: 'பட்டியலின் உறுப்புகள் எல்லாம் ஒரே வடிவில் நிற்க வேண்டும் என்கிற இந்த இணையமைப்பு என்பதெல்லாம் ஆங்கிலேயர் காது. நமக்கு அந்தக் காது கிடையாது. மனப்பாடம்தான் வழி.'

இதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த வாக்கியத்தை வாய்விட்டுப் படியுங்கள்: 'அவள் படிக்கவும் எழுதுவதையும் பேசுதலுக்கும் கற்றுக்கொண்டாள்.' பல் கூசுகிறதா? கூசினால் உங்களுக்குக் காது இருக்கிறது. 'டு ரீட், ரைட்டிங், அண்ட் டு ஸ்பீக்' என்பதைக் கேட்கும் ஆங்கிலக்காரருக்குக் கூசுவதும் அதே பல்தான்.

இன்னும் நெருங்கிப் பாருங்கள். 'படிக்கவும் எழுதவும் பேசவும் கற்றுக்கொண்டாள்' என்கிறோம். 'படிக்க, எழுத, பேசக் கற்றுக்கொண்டாள்' என்றும் சொல்கிறோம். 'படிக்கவும், எழுத, பேசவும்' என்று எவரும் சொல்வதில்லை. 'உம்' வந்தால் எல்லாவற்றுக்கும் வர வேண்டும், இல்லையென்றால் ஒன்றுக்கும் வேண்டாம். எந்த வகுப்பிலும் இதைத் தனியாகச் சொல்லித்தந்ததாக எனக்கு நினைவில்லை. மூன்று வயதுக் குழந்தை தானாகச் செய்கிறது.

வேறுபாடு ஒன்று உண்டு, அங்கேதான் நாம் இடறுகிறோம். தமிழில் பொதுவான உறுப்பு கடைசியில் வரும். 'கற்றுக்கொண்டாள்' என்பது வாக்கியத்தின் வாலில் நின்று மூன்றையும் பிடித்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ஆணி தலைப்பக்கம். மூன்றாவது வினைக்கு வந்து சேருவதற்குள் பத்துச் சொற்கள் கடந்துவிடும். ஆணி கண்ணில் இருக்காது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு 'டு' சேர்த்துவிடுகிறோம். வாசகரின் வாக்கியத்தில் நடந்தது அதுதான் என்பது என் ஊகம்.

பிப்ரவரி 9

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். தமிழில் எண்ணுகிற இடைச்சொல் எல்லாவற்றுக்கும் வர வேண்டும் என்று பொதுவிதி போலப் படித்துவிட்டதாக ஒருவர் சொல்கிறார். நான் 'உம்' ஒன்றைப் பற்றித்தான் சொன்னேன், ஆனால் சொன்ன தொனி பொதுவிதி போலத்தான் இருந்தது. தப்பு என்னுடையது.

நன்னூல் இதை அழகாகப் பிரிக்கிறது. 'என்று', 'என', 'ஒடு' ஆகிய மூன்றும் ஓரிடத்தில் மட்டும் நின்றாலும், பிரிந்துபோய் எண்ணப்படும் ஒவ்வொரு பொருளோடும் சேரும் என்கிறார் பவணந்தியார். 'வினைபகை என்றிரண்டின் எச்சம்' என்ற குறளில் 'என்று' ஒரு முறைதான் வருகிறது. பொருளில் வினை என்று, பகை என்று, இரண்டுக்கும் போகிறது.

ஆக, 'டு ரீட், டு ரைட், டு ஸ்பீக்' என்பது 'உம்' வழி. 'டு ரீட், ரைட், அண்ட் ஸ்பீக்' என்பது 'என்று' வழி. ஓரிடத்தில் நின்று எல்லாவற்றுக்கும் பாய்வது. இரண்டு வழியும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. இரண்டையும் ஒரே பட்டியலில் கலப்பதுதான் இல்லை.

பிப்ரவரி 11, காலை

குளிக்கும்போது தோன்றியது. பட்டியலில் இரண்டே உறுப்புகள் இருந்தால் 'டு' பிழையே நேர முடியாது! 'டு ரீட் அண்ட் டு ரைட்' என்றால் எல்லாவற்றுக்கும் கொடுத்தாயிற்று. 'டு ரீட் அண்ட் ரைட்' என்றால் முதலாவதற்கு மட்டும் கொடுத்தாயிற்று. மூன்றாவது வழி இல்லை. ஆகவே இரண்டு உறுப்புக் கேள்வியில் 'டு'வைப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். 'ரைட்டிங்' போன்ற 'இங்' வடிவம் கலந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பிப்ரவரி 11, இரவு

காலையில் எழுதியது பாதி பொய். 'போத்… அண்ட்', 'ஐதர்… ஆர்', 'நாட் ஒன்லி… பட் ஆல்ஸோ' போன்ற இரட்டைகளை மறந்துவிட்டேன். 'ஷி வான்ட்ஸ் போத் டு ரீட் அண்ட் ரைட்' தேர்வில் பிழை. 'போத்'துக்குப் பின்னால் என்ன நிற்கிறதோ அதேதான் 'அண்ட்'டுக்குப் பின்னாலும் நிற்க வேண்டும். 'போத் டு ரீட் அண்ட் டு ரைட்' என்று இரண்டு பக்கமும் வையுங்கள். இல்லையென்றால் 'டு போத் ரீட் அண்ட் ரைட்' என்று 'டு'வை வெளியே தள்ளுங்கள். இரட்டைச் சொல்லின் முதல் பாதி ஒரு கோடு; அதற்கு இடப்பக்கம் இருப்பது பொதுச்சொத்து, வலப்பக்கம் இருப்பது தனிச்சொத்து. குளியலறையில் தோன்றுவதை உடனே எழுதக் கூடாது.

பிப்ரவரி 14

என்னைப் பெரிய நிபுணன் என்று நினைத்து இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அந்த மாயையைக் கலைத்துவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு மாதிரித் தேர்வில் நான் கோட்டைவிட்ட கேள்வியின் எலும்புக்கூடு இது: 'ஷி லுக்ஸ் ஃபார்வர்ட் டு மீட்டிங் தி ஆதர் அண்ட் டு ஆஸ்க் ஹெர் எ கொஸ்டின்.' பிழையான பகுதியைக் காட்ட வேண்டும். 'டு'வுக்குப் பின்னால் 'மீட்டிங்' என்பதைப் பார்த்ததும் எனக்கு வெறி வந்துவிட்டது. 'டு' வந்தால் வினையின் அடிச்சொல்தானே வர வேண்டும்? 'மீட்டிங்'கைக் குறித்துவிட்டு, இவ்வளவு எளிதாகக் கேட்கிறார்களே என்று சிரித்துக்கொண்டு அடுத்த பக்கம் போனேன்.

பிழை 'டு ஆஸ்க்'கில் இருந்தது. 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதில் உள்ள 'டு' இன்ஃபினிட்டிவின் 'டு' அன்று, அதாவது வினையின் அடிச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் 'டு' அன்று. அது 'நோக்கி' என்பது போன்ற முன்னிடைச்சொல். அதற்குப் பின்னால் பெயர் வரும், அல்லது பெயர் வேலை பார்க்கும் 'இங்' வடிவம் வரும். 'கமிட்டட் டு', 'ஆப்ஜெக்ட் டு', பழகிப்போன பொருளில் வரும் 'பீ யூஸ்ட் டு' எல்லாம் இதே சாதி. சோதிக்க வழி ஒன்று: 'டு'வுக்குப் பின்னால் ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு தி மீட்டிங்' நிற்கிறது. 'ப்ளான் டு தி மீட்டிங்' நிற்கவில்லை. நின்றால் 'இங்' பட்டியல், நிற்காவிட்டால் இன்ஃபினிட்டிவ் பட்டியல்.

அன்று போன மதிப்பெண்ணைவிட, சிரித்துக்கொண்டு பக்கம் புரட்டியதுதான் இன்னும் உறுத்துகிறது.

பிப்ரவரி 15

கேள்வி கேட்டவர் எந்தத் தேர்வு எழுதுகிறார் என்பதை இன்றுதான் சொல்கிறார்: டோஃபல் ஐடிபி என்ற ஆங்கிலத் திறன் தேர்வு, முதல் நிலை. ஒன்பது நாள் கழித்து!

ஐயா, உங்கள் தேர்வில் 'பிழையில்லை' என்ற விடையே கிடையாது. இலக்கணப் பகுதியில் 40 கேள்விகள், 25 நிமிடம். முதல் 15 கேள்விகளில் கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். மீதி 25 கேள்விகளில் அடிக்கோடிட்ட நான்கு பகுதிகளில் பிழையானது எது என்று காட்ட வேண்டும். ஒன்று கட்டாயம் பிழை. நீங்கள் வைத்திருக்கும் பயிற்சித் தாள் வேறு எதற்கோ செய்தது.

இதில் உங்களுக்கு ஓர் ஆதாயம் இருக்கிறது. அடிக்கோடு இல்லாத சொற்கள் எல்லாம் அசையாத தரை. பட்டியலின் முதல் இரண்டு உறுப்புகளுக்கு அடிக்கோடு இல்லை, மூன்றாவதற்கு இருக்கிறது என்றால், முதல் இரண்டின் வடிவத்தைச் சட்டமாக எடுத்துக்கொண்டு மூன்றாவதை அளக்க வேண்டும். ஒரு கேள்விக்கு 37 வினாடி சொச்சம் கிடைக்கிறது. ஆணி தேட அது போதும், கட்சி கட்ட போதாது.

டோஃபலின் இணையவழி வடிவம் 2005இல் வந்தபோதே இந்தத் தனி இலக்கணப் பகுதி அதிலிருந்து போய்விட்டது. மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்விலும் வாக்கியத் திருத்தம் இப்போது இல்லை. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் அதை எடுத்துவிட்டார்கள். பழைய வடிவம் 2024 ஜனவரி 31ஆம் தேதியோடு முடிந்தது. அந்தக் கேள்வி வகையில் முதல் விடை எப்போதும் மூல வாக்கியத்தின் மறுபடியாகவே இருக்கும், பலர் அதைப் படிக்காமலே தாண்டுவார்கள். வாழ்க்கையின் நல்ல பகுதியை அந்தக் கேள்விகளுக்குக் கொடுத்தவன் நான். அடக்கத்துக்குப் போய்வந்தது போல இருக்கிறது.

பிப்ரவரி 19

'நிபுணன் இல்லை என்றால் எப்படிக் கேள்வித்தாள் தயாரித்தீர்கள்' என்று ஒருவர் நோண்டுகிறார். எப்படியோ தெரிந்திருக்கிறது. ஆம், ஒரு பயிற்சி மையத்தில் கொஞ்ச காலம் அந்த வேலை பார்த்தேன். என்ன லட்சணத்தில் என்பதையும் சொல்கிறேன்.

ஒருநாள் நான் தயாரித்த கேள்வி: 'ஹி டிசைடட் டு க்விட் ஸ்கூல் அண்ட்' என்று நிறுத்தி நான்கு விடைகள் கொடுத்தேன். 'வர்க்', 'டு வர்க்', 'வர்க்கிங்', 'வர்க்ட்'. சரியான விடை 'டு வர்க்' என்று குறித்துக்கொண்டேன். காரணம்? முன்னால் 'டு' இருக்கிறது, பின்னாலும் 'டு' வேண்டும். அவ்வளவுதான் அன்று எனக்கிருந்த அறிவு.

ஒரு மாணவி எழுந்தாள். 'முதலாவதற்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று நேற்றுச் சொன்னீர்களே சார், அப்படியென்றால் வெறும் வர்க்கும் சரிதானே?' நான் சமாளிக்க வாயெடுப்பதற்குள் பின்வரிசையில் ஒரு பையன் கேட்டான்: 'சார், அவன் வேலையையும் விட்டுவிட்டானா?'

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையன் 'வர்க்' என்பதைப் பெயர்ச்சொல்லாகப் படித்திருக்கிறான். பள்ளியையும் விட்டான், வேலையையும் விட்டான். மாணவி வினையாகப் படித்திருக்கிறாள். பள்ளியை விட்டு வேலைக்குப் போக முடிவு செய்தான். எழுத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. 'டு வர்க்' என்று எழுதினால்தான் பையனுடைய வழி அடைபடுகிறது.

இரண்டு விடைக்கும் மதிப்பெண் கொடுத்தேன். ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்தபோது தெரிந்தது, நான் குறித்த விடை உண்மையிலேயே மேலானது. எனக்குத்தான் ஏன் என்று தெரியவில்லை. திரும்பச் சொல்லும் 'டு' பட்டியலுக்கு அலங்காரம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது ஒரு வேலை செய்கிறது: 'இங்கே மறுபடி ஒரு வினை தொடங்குகிறது, முந்தின சொல்லோடு ஒட்டாதே' என்று வாசகரிடம் சொல்கிறது.

பிப்ரவரி 20

அதன் தொடர்ச்சி. அடுத்தடுத்து 'டு' வந்தாலே பட்டியல் என்று நினைத்துவிடாதீர்கள். 'தி டாக்டர் டோல்ட் ஹிம் டு வாக் எவ்ரி மார்னிங் டு லூஸ் வெய்ட் அண்ட் டு ஈட் லெஸ்.' மூன்று 'டு'. ஆனால் பட்டியல் மூன்று பேருடையது அன்று. மருத்துவர் சொன்னவை இரண்டு: நட, குறைவாகச் சாப்பிடு. எடை குறைவது நடப்பதன் நோக்கம். ஒரு படி கீழே நிற்கிறது. தமிழில் சொல்லிப் பார்த்தால் படிகள் தானாகப் பிரிந்துவிடும்: 'எடை குறைவதற்காக நடக்கவும், குறைவாகச் சாப்பிடவும் சொன்னார்.' 'காக' ஒரு படி, 'உம்' ஒரு படி. ஆங்கிலம் இரண்டு படிக்கும் ஒரே 'டு'வைக் கொடுத்துவிட்டு நம்மைத் தேடச் சொல்கிறது.

அதே வாக்கியத்தின் கடைசியில் 'அண்ட் டு ஈட் லெஸ்' என்பதை எடுத்துவிட்டு 'அண்ட் ஸ்லீப் பெட்டர்' என்று வைத்துப் பாருங்கள். நன்றாகத் தூங்குவது எடை குறைவதோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். இரண்டும் நடையின் பலன். வடிவத்தைப் பார்த்து மட்டும் இதை முடிவு செய்ய முடியாது. 7ஆம் தேதி 'பொருள் வேறு கேள்வி' என்று உங்களை அதட்டினேன். அதைக் கொஞ்சம் தணித்துக்கொள்கிறேன்: ஆணி எது என்று முடிவு செய்வது பொருள், மாட்டியது நிற்கிறதா என்று பார்ப்பது வடிவம்.

பிப்ரவரி 23

'ஹெல்ப்' பற்றிக் கேட்டவருக்கு: 'ஹெல்ப்ஸ் சில்ட்ரன் ரீட்', 'ஹெல்ப்ஸ் சில்ட்ரன் டு ரீட்' இரண்டும் சரி. எது என்பதை முதல் உறுப்பிலேயே முடிவு செய்துவிட வேண்டும். 'ரீட், ரைட், அண்ட் டு கவுன்ட்' என்று கடைசியில் மனம் மாறக் கூடாது. 'மேக்', 'லெட்' இரண்டும் 'டு' கேட்பதில்லை. ஆனால் 'மேக்' செயப்பாட்டுக்குப் போனால் 'டு' வந்து ஒட்டிக்கொள்ளும்: 'ஹி வாஸ் மேட் டு வெய்ட்.' இது ஏன் என்று கேட்காதீர்கள்.

பிப்ரவரி 26

'டு'வைத் திரும்பத் திரும்ப எழுதுவது பள்ளிப் பிள்ளை நடை, தேர்ந்தவர்கள் ஒருமுறைதான் எழுதுவார்கள் என்று ஒரு கருத்து வந்திருக்கிறது. ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் 1842இல் வெளியிட்ட 'யுலிசீஸ்', மறுபடி கடலுக்குக் கிளம்பும் ஒரு கிழ அரசனின் கவிதை. அதன் கடைசி வரி: 'டு ஸ்ட்ரைவ், டு சீக், டு ஃபைண்ட், அண்ட் நாட் டு யீல்ட்.' நான்கு 'டு'. மூன்றை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். கிழவன் கப்பலேற மாட்டான், வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவான்.

கடைசி உறுப்பில் 'நாட்' நுழைந்திருப்பதையும் பாருங்கள். எதிர்மறை குறுக்கே வந்தால் தொலைவில் நிற்கும் 'டு'வின் பிடி தளர்ந்துபோகிறது. அந்த இடத்தில் உரைநடையிலும் நான் 'டு'வைத் திரும்ப எழுதிவிடுவேன்.

மார்ச் 2

கேள்வி கேட்டவர் சொன்னபடி செய்தித்தாள் துண்டைத் தேடிக் கொண்டுவந்துவிட்டார். இடப்பெயரை நீக்கிவிட்டுத் தருகிறேன்: 'தி கவுன்சில் வில் மீட் டு ரிவ்யூ தி ரோட்ஸ் அண்ட் அப்ரூவ் ரிப்பேர்ஸ், அண்ட் டு எலெக்ட் எ சேர்மன்.'

முதலில் 'டு' உண்டு, நடுவில் இல்லை, கடைசியில் உண்டு. அவர் சொன்ன அதே உருவம். 'இப்போது என்ன சொல்கிறீர்கள்' என்று கேட்டிருக்கிறார். வெற்றிக் களிப்பு எழுத்திலேயே தெரிகிறது.

நான் இரண்டு முறை படித்தேன். வாக்கியம் சரி.

'அண்ட்'களை எண்ணுங்கள். இரண்டு இருக்கின்றன. 'ரிவ்யூ', 'அப்ரூவ்' இரண்டையும் முதல் 'அண்ட்' ஒரு கட்டாகக் கட்டுகிறது. அந்தக் கட்டு முழுவதற்கும் ஒரு 'டு'. அதன் பிறகு இரண்டாவது 'அண்ட்' வந்து, தேர்தல் என்ற தனிக் காரியத்தை இன்னொரு 'டு'வோடு சேர்க்கிறது. சாலை வேலை ஒரு கட்டு, தலைவர் தேர்தல் இன்னொரு கட்டு. கணக்கில் எழுதினால் அ(க + ச) + அப. இதில் யாரும் பட்டினி இல்லை. அடைப்புக்குறி இருப்பது எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பயிற்சித் தாள் வாக்கியத்தில் இருப்பது ஒரே 'அண்ட்', கடைசி உறுப்புக்கு முன்னால். அப்படியென்றால் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன, அடைப்புக்குறி போட இடமில்லை. அந்தத் தீர்ப்பில் மாற்றமில்லை. செய்தித்தாளைப் பற்றி 6ஆம் தேதி எழுதியதை மட்டும் திரும்பப் பெறுகிறேன். அந்த வாக்கியத்தை எழுதியவர் நள்ளிரவிலும் விழிப்பாகத்தான் இருந்திருக்கிறார்.

மார்ச் 11

தேர்வு எழுதிவிட்டு வந்து சொல்கிறார். இன்ஃபினிட்டிவ் பட்டியல் ஒன்றுகூட வரவில்லையாம். பெயர்ச்சொல் பட்டியல் இரண்டு வந்தனவாம். இரண்டிலும் ஆணியைத் தேடினாராம். ஒன்றில் கிடைத்ததாம்.